அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்ன கம்பஸ்

1

இந்தக் கதை ஒரு டீசேர்ட்டிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் வெட்கம்.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில், வெங்காய லொறி ஒன்றின் பின்னால் ஒரு நாட்டாமி நின்றார். ஐம்பது வயதிருக்கும். (கொழும்பை அறியாதவர்களுக்கு: இங்கே நாட்டாமி என்றால் மூட்டை தூக்குகிறவர், வண்டில் இழுக்கிறவர். தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல.) அவருடைய டீசேர்ட்டின் முதுகில் ஆங்கிலத்தில் 'நாளைய தலைவர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. கீழே ஒரு தனியார் கம்பஸின் பெயர். மூட்டை முதுகில் ஏறியதும் தலைவர் மறைந்தார். இறக்கியதும் திரும்பவும் வந்தார்.

நான் அவரோடு பேசவில்லை. பேசியிருந்தால் இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். பேசாததால் இத்தனை பக்கம்.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

"நாளைய தலைவர் இன்று வெங்காயம் தூக்கினார்." கெட்டித்தனமான வரி. அதே தெருவில் நான் நாலு வருடம் தூக்கியிருக்கிறேன். தூக்குகிறவனை வைத்துக் கெட்டித்தனம் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வெட்டினேன்.

"கொழும்பு மாநகரில் உயர்கல்வி நிறுவனங்கள் பல்கிப் பெருகியுள்ள இந்நாளில்—" இது மேடைப் பேச்சு. பாதியில் விட்டேன். விட்டது விட்டபடியே கிடக்கட்டும்.

"சுபாஷினி கொப்பியின் நடுவே ஒரு கோடு போட்டாள்." இது நிற்கும் போலிருக்கிறது.

2

சுபாஷினி கொப்பியின் நடுவே ஒரு கோடு போட்டாள்.

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. வெள்ளவத்தைப் புடவைக் கடை ஒன்றில் அவள் கெஷியர். வயது இருபது. வீடு மட்டக்குளித் தொடர்மாடியில் மூன்றாம் மாடி. உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவு எடுத்துச் சித்தியடைந்தவள்தான். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் வெட்டுப்புள்ளி அவளுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது. எவ்வளவு மேலே என்று வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. அம்மா போன பிறகு வீட்டில் யாரும் என்றால் அவளும் அப்பாவும்தான்.

அப்பா புஷ்பராஜ் நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமி. மகள் வேலையை விடாமல் வார இறுதியில் தனியார் கம்பஸ் ஒன்றில் படிக்கலாம் என்று சம்மதித்திருந்தார். சம்மதித்த கையோடு ஒரு வார்த்தையும் சொல்லியிருந்தார்.

"ஒரு தடவதான் புள்ள. தப்பான எடத்துல விழுந்துட்டா மறுபடி தூக்கிவிட எனக்கு முதுகு இல்ல."

இரண்டு இடங்களை அவள் பார்த்து வைத்திருந்தாள். இரண்டிலும் பதிவு சனிக்கிழமையோடு முடிகிறது. கோட்டுக்கு இடப்பக்கம் கண்ணாடிக் கம்பஸ்: வெள்ளவத்தை, காலி வீதி, ஆறு மாடி, முழுக்கக் கண்ணாடி. வலப்பக்கம் மாடிப்படிக் கம்பஸ்: கொட்டாஞ்சேனை, ஹாட்வெயார் கடைக்கு மேலே, லிஃப்ட் கிடையாது.

(பெயர்கள் நான் வைத்தவை. கட்டடங்களும் நான் கட்டியவை. காலி வீதியில் போய்த் தேட வேண்டாம்.)

போனில் மெப்பைத் திறந்து, அங்கே படித்தவர்கள் போட்ட விமர்சனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். கண்ணாடிக்கு 4.8 நட்சத்திரம், 612 பேர். மாடிப்படிக்கு 3.1 நட்சத்திரம், 27 பேர். இதற்கு மேல் எதற்குக் கோடு என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவும் அதைத்தான் கேட்டார். முதுகுக்குத் தைலம் போட்டுக்கொண்டு பாயில் குப்புறக் கிடந்தபடி.

"எதுல லிஃப்ட் இருக்கு?"

"கண்ணாடியில."

"அப்ப அதுதான். லிஃப்ட் இருக்க படியில ஏறுறவன் பைத்தியக்காரன்."

"நான் என்ன மூட்டையா அப்பா தூக்கிட்டுப் போறேன்?"

"பொஸ்தகமும் கனம்தான். சரி, இங்கின இன்னுங் கொஞ்சம் அழுத்து. அந்த அறுநூறு பேரு என்னா சொல்றான்?"

அவள் வாசித்தாள். "அருமையான இடம். அன்பான விரிவுரையாளர்கள்." "சிறந்த கம்பஸ்." "சூப்பர்." "அன்பான விரிவுரையாளர்கள், அருமையான இடம்."

"மத்தவன்?"

"மலசலகூடம் ரெண்டாம் மாடியில மட்டும். கணக்கியல் சேர் அஞ்சு நிமிசம் பிந்தினாலும் கதவச் சாத்திருவாரு. எம்பது வீதம் வரவு இல்லாட்டி, காலப் புடிச்சு அழுதாலும் சோதனைக்கு விடமாட்டாங்க. ஒரு நட்சத்திரமே அதிகம்."

"பாரு! அழ வைக்கிறானுக. கண்ணாடியே சரி."

சுபாஷினி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கத்தில் திட்டினவர்கள் எல்லாருக்கும் மலசலகூடம் எந்த மாடியில் என்று தெரிந்திருந்தது. இடப்பக்கத்தில் புகழ்ந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. கடையில் சேலை மாற்ற வருகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். உடுத்திப் பார்த்தவள் 'கரையில் நூல் இழுக்குது' என்பாள். உடுத்தாதவள் 'நல்ல கலர்' என்பாள்.

அவள் விமர்சனங்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். கண்ணாடிக் கம்பஸின் ஐந்து நட்சத்திரங்களில் இருநூற்றுச் சொச்சம் ஒரே நாளில் விழுந்திருந்தன. ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

அந்த ஞாயிறு எதற்கு ஞாபகம் வருகிறது என்று யோசித்தாள். முதலில் ஞாபகம் வந்தது புரியாணி.

2 (மறுபடியும்)

இங்கே நான் ஓகஸ்டுக்குப் போக வேண்டும். பின்னோக்கிப் போவது எனக்குப் பிடிக்காது, வண்டிலைப் பின்னுக்குத் தள்ளுவது போல. ஆனால் வேறு வழியில்லை.

கண்ணாடிக் கம்பஸில் திறந்த நாள். யாரும் வந்து பார்க்கலாம். கடையில் கூட வேலை செய்யும் றேணுகா இழுத்துக்கொண்டு போனாள்.

(றேணுகா என்று ஒருத்தி தேவையா என்று எனக்குக் கடைசிவரை சந்தேகம். முதல் பிரதியில் அவள் இல்லை. சுபாஷினி தனியாகப் போனாள், தனியாகச் சாப்பிட்டாள், சோகமாக இருந்தது. இந்த வயதுப் பெண்கள் சும்மா கிடைக்கிற புரியாணிக்குத் தனியாகப் போவதில்லை. ஆகவே கொட்டாஞ்சேனையிலிருந்து றேணுகாவைக் கூப்பிட்டேன்.)

சுற்றிப் பார்த்து முடிந்ததும் வாசலில் ஒரு மேசை. டை கட்டிய ஒருவர் நின்றார். "ரிவியூ ஒண்டு போட்டுட்டுக் காட்டுங்கோ தங்கச்சி, டோக்கன் தாறன். டோக்கனுக்கு லஞ்ச் பார்சல், டீசேர்ட்."

"நாங்க இன்னும் படிக்கவே இல்லையே?" என்றாள் சுபாஷினி.

"பார்த்தீங்கள்தானே? பார்த்ததைப் போடுங்கோ."

றேணுகா ஏற்கெனவே போட்டுவிட்டாள். "போடடி. அஞ்சு நட்சத்திரம் என்ன உன்ர அப்பன் வீட்டுச் சொத்தா? புரியாணி ஆறப்போகுது."

சுபாஷினிக்கு எழுத எதுவும் தோன்றவில்லை. முன்னால் நின்றவளின் போனை எட்டிப் பார்த்து அதையே எழுதினாள்: 'அருமையான இடம். அன்பான விரிவுரையாளர்கள்.' அன்றைக்கு அவள் கண்ணால் கண்ட ஒரே ஆள் அந்த டை கட்டியவர்தான். டீசேர்ட் இரண்டு கொடுத்தார்கள். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று பெற்றோருக்கு. இரண்டின் முதுகிலும் அதே 'நாளைய தலைவர்'தான். தன்னுடையதை அவள் மடித்து வைத்தாள். பெற்றோருக்கானதை அப்பா மறுநாளே வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார். துணி நல்ல தடிப்பு, தோளில் சணல் குத்தாது.

* நானும் போட்டிருக்கிறேன். ஒரு பேக்கரிக்கு ஐந்து நட்சத்திரம், மீன் வைத்த ஒரு மாலு பணிசுக்காக. பணிஸ் நன்றாகத்தான் இருந்தது என்று வையுங்கள். ஆனால் போட்ட பிறகுதான் சாப்பிட்டேன்.

3

போயா நாளுக்குத் திரும்பி வந்தாயிற்று. இருநூற்றுச் சொச்சத்துக்குள் தன்னுடையதை அவள் கண்டுபிடித்தாள். பெயர், படம், ஐந்து நட்சத்திரம். அதன் கீழ் முப்பத்தொரு பேர் 'பயனுள்ளது' என்று அழுத்தியிருந்தார்கள்.

முப்பத்தொருவரில் ஒருத்தியை அவளுக்குத் தெரியும். அன்று பின்னேரமே மேனகாவின் குரல் பதிவு வந்தது. மேனகா, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சித்தப்பா ராமையாவின் மகள். இவளைவிட ஒரு வயது இளையவள்.

"அக்கா, நானும் ஒங்க கம்பசுலயே சேரப்போறேன்! அப்பா மொதல்ல வேணான்னாரு. நீங்க போட்டிருந்தத வாசிச்சுக் காட்டுனேன். 'நம்ம சுபாவே அங்கதான படிக்குது, அது பொய்யா சொல்லும்'னாரு. சனிக்கெழம வாறோம், பணம் கட்டிட்டு அப்பா திரும்பிருவாரு. நான் ஒங்க வீட்லதான். எடம் இருக்கில்ல?"

சுபாஷினி அதை இரண்டு தரம் கேட்டாள். 'அங்கதான படிக்குது' என்ற இடத்தில் இரண்டாம் தரம் நிறுத்தினாள்.

அது எப்படி மலை ஏறியது என்று அவளுக்கு விளங்கியது. போன மாதம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அப்பா போயிருந்தார். அந்த டீசேர்ட்டோடு.

4

இந்த நாலாம் பகுதியில் தனியார் உயர்கல்வி பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். புள்ளிவிபரமெல்லாம் இருந்தது. வாசித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: கண்ணாடிக் கம்பஸ் கெட்ட இடம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நல்லதாகவும் இருக்கலாம். இருநூற்றுச் சொச்சம் பேர் சாப்பாட்டுக்காகச் சொன்னதால் அது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

5

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரம், கடையின் பின்பக்கம், துணி மூட்டைகளுக்கு மேல் இருந்துகொண்டு றேணுகாவிடம் சொன்னாள்.

"டிலீட் பண்ணு," என்றாள் றேணுகா, பருப்பில் சோற்றைக் குழைத்தபடி. "முடிஞ்சுது."

"சித்தப்பா காதுல கேட்டதையும் டிலீட் பண்ணலாமா?"

"அப்ப சொல்லு, நல்ல இடம்தான், ஆனா நான் இப்ப நிப்பாட்டிட்டன் எண்டு."

"நிப்பாட்டுறதுக்குத் தொடங்கியிருக்கணுமே."

"ஐயோ, உன்னோட பெரிய கரைச்சலடி." றேணுகா ஒரு வாய் தின்றுவிட்டு, குரலை இறக்கினாள். "உண்மையச் சொன்னா என்ன நடக்கும்? கெஷியர் எண்டு தெரிஞ்சா உன்னைத் தின்னப்போகினமோ?"

"என்னை இல்ல. அப்பாவ."

றேணுகாவுக்கு அது விளங்கவில்லை. அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிளார்க். வீட்டில் மூன்றாம் தலைமுறையாக நாற்காலி. புஷ்பராஜ் பதினெட்டு வயதில் லயத்து வரிசை வீட்டைவிட்டுக் கொழும்புக்கு வந்தவர். தோட்டத்தில் அவர் சொல்லிக்கொண்டு திரும்ப ஒன்றும் இருந்ததில்லை. வீடு இல்லை, கடை இல்லை, ஓட்டோ இல்லை. முப்பது வருடத்தில் முதல்தரம் கோயில் வாசலில் ஆட்கள் அவருடைய முதுகை வாசித்தார்கள்.

(கடைசி வாக்கியத்தை வெட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கொஞ்சம் அழகாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.)

"சரி," என்றாள் றேணுகா கடைசியில். "ஒண்டு கேக்கிறன். அந்தப் பிள்ளை அங்க சேர்ந்து, அங்க ஒண்டும் சரியில்லாமப் போச்செண்டால், உன்ர வீட்டிலதானே இருந்து அழப்போகுது? ஒரே பாயில படுத்துக்கொண்டு?"

சுபாஷினி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

6

நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி ஒட்டியிருக்காது, எல்லாருக்கும் தெரியும். மூட்டை கிழிந்திருந்தால், தோளில் இருக்கும்போதே முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் கிழிசல் லொறிக்காரன் கணக்கு. இறக்கி வைத்துவிட்டுச் சொன்னால் அது உன் கணக்கு. நீதான் கிழித்தாய். சாட்சி கேட்கிற வேலையெல்லாம் கிடையாது. நான் ஒருமுறை, ஆறு மாத வேலைக்காரனாக இருந்தபோது, களைப்பில் இறக்கிவிட்டுச் சொன்னேன். பருப்பு மூட்டை. அதற்குப் பிறகு எந்த மூட்டையையும் தடவிப் பார்க்காமல் தோளில் வாங்கியதில்லை.

நாட்டாமி வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதை சோற்றோடு ஊட்டப்பட்டிருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம், அப்பா முகம் கழுவிக்கொண்டு வந்ததும், சுபாஷினி குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

அவர் முழுவதையும் கேட்டார். துவாயைத் தோளில் போட்டார்.

"நான் பொய் சொல்லல புள்ள."

"தெரியும்."

"அவன்தான் கேட்டான், சட்டையப் பாத்துட்டு, 'மக அங்கயாண்ணே'ன்னு. நான் சிரிச்சேன். அம்புட்டுத்தான்."

"நானும் ரெண்டு வரிதான் அப்பா எழுதினேன். அம்புட்டுத்தான்."

கீழே யாரோ தண்ணீர்க் குழாயடியில் சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு அவங்க வாறாங்க," என்றாள். "பணம் கட்டுறதுக்கு முன்னாடி சொல்லணும். கிழிஞ்சத இறக்கிட்டுச் சொன்னா யாரு கணக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அது வெங்காயம் புள்ள," என்றார் புஷ்பராஜ். "இது என் தம்பி."

பிறகு அந்த டீசேர்ட்டை எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தார். வழக்கமாக அவள்தான் துவைப்பாள்.

7

சனிக்கிழமைக்கு நான் எழுதிய முடிவுகள்.

முதலாவது. சுபாஷினி உண்மையைச் சொல்கிறாள். சித்தப்பா சிரித்துவிடுகிறார். நாலு பேரும் கொட்டாஞ்சேனைக்குப் போய், மாடிப்படி ஏறி, இரண்டு பெண்களும் ஒன்றாகச் சேர்கிறார்கள். கணக்கியல் சேர் கண்டிப்பானவர், ஆனால் உள்ளுக்குள்— நிறுத்தினேன். இது மாடிப்படிக் கம்பஸுக்கு நான் போடுகிற ஐந்து நட்சத்திரம். புரியாணி கூடக் கிடைக்காது.

இரண்டாவது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மேனகா கண்ணாடிக்குள் போகிறாள். இரண்டு வருடம் கழித்து வாசலில் பூட்டு. வாசகர்கள் கண்கலங்குவார்கள். ஆனால் பூட்டியவன் யார்? நான்தான். ஒரு கட்டடத்தை என் வசதிக்காகக் கட்டி, என் வசதிக்காகப் பூட்டுவது சரியான வேலை இல்லை.

மூன்றாவது. புஷ்பராஜுக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் பஸ் நிலையத்துக்கு அனுப்பினேன். மனம் திருந்தியதற்கு அடையாளமாம். அப்புறம்தான் யோசித்தேன். சனிக்கிழமை வேலை நாள். லொறி வந்திருக்கும். விடியவே போயிருப்பார். இடையில் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிற ஆள் சட்டை மாற்றிக்கொண்டா வருவார்? துவைத்த டீசேர்ட்டைத்தான் போட்டிருந்தார். வேறு அர்த்தம் எதுவும் அதில் இல்லை.

8

ஆகவே இப்படி:

புறக்கோட்டை பஸ் நிலையம், காலை பத்தரை. சுபாஷினி அரை நாள் லீவு போட்டுவிட்டு, கடலைக்காரனுக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் போன். தன்னுடைய விமர்சனத்தைத் திறந்து, பழைய இரண்டு வரியையும் அழித்தாள். எழுதினாள்: 'நான் இங்கே படிக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு கடையில் கெஷியர். திறந்த நாளில் சாப்பாட்டுப் பார்சலுக்காக இதைப் போட்டேன்.'

நட்சத்திரத்தை எடுத்துவிடப் பார்த்தாள். போன் விடவில்லை. ஒன்றாவது இருக்க வேண்டுமாம். ஒன்று போட்டால் அதுவும் பொய், அவள் அங்கே ஒரு நாளும் படிக்கவில்லையே. கடைசியில் ஐந்தையும் அப்படியே விட்டு அனுப்பினாள். இப்போது போய்ப் பார்த்தாலும் ஐந்து நட்சத்திரமும் அந்த மூன்று வரியும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் சித்தப்பா ராமையா மெப் பார்க்கிறவர் இல்லை. மூன்று வரியால் அவருக்கு ஒன்றும் எட்டாது.

அப்பா வேர்த்து வந்து சேர்ந்தார். யார் சொல்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பஸ் வந்தது. முதலில் மேனகா இறங்கினாள், புதுச் செருப்பு, கையில் சான்றிதழ் உறை. "அக்கா!" பின்னால் ராமையா, ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு. லீக்ஸ், கரட், தேயிலைத் தூள். கொழும்புக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று.

"எதுக்குடா இவ்வளவு?" என்று புஷ்பராஜ் கை நீட்டினார். பழக்கம். மூட்டையைத் தடவிப் பார்த்தார், அதுவும் பழக்கம். ஒரே வீச்சில் தோளில் வாங்கினார்.

'நாளைய தலைவர்' மூட்டைக்குப் பின்னால் மறைந்தது.

"ஓட்டோவுல வைப்போம்ணே, இறக்குங்க," என்றார் ராமையா. "நேரா கம்பசுக்கே போயிருவோம். பன்னெண்டு மணிக்கு முன்னாடி கட்டணுமாம்ல? சுபாவுக்கு அங்க எல்லாரையும் தெரியுமே."

ஓட்டோக்காரர் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார். புஷ்பராஜ் இறக்கவில்லை. நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தம்பியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். சுபாஷினி அவரைப் பார்த்தாள்.

"சித்தப்பா," என்றாள்.

"ராமையா," என்றார் அவர், அதே நேரத்தில்.

இரண்டு பேரும் நின்றார்கள், நீ சொல்லு என்பது போல.

இதற்கு மேல் நான் எழுதினால் ஒருத்தருடைய வாயில் வார்த்தையை நான் வைக்க வேண்டியிருக்கும். மகள் சொன்னால் அப்பாவின் முதுகு உடையும். அப்பா சொன்னால் அந்தக் கோயில் வாசல் போய்விடும். யார் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனால் நான் அந்தத் தெருவில் ஒரு பருப்பு மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னவன். என் பேச்சு அங்கே எடுபடாது. நீங்கள் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். நீங்கள் யோசிக்கிற நேரமெல்லாம் அந்த மூட்டை அவர் தோளில்தான் இருக்கிறது.